ராபர்ட்டுக்குப் போட்ட பதில்கள்

மச்சான்,

இன்னைக்குக் காலையில ராபர்ட்கிட்டேருந்து மெயில் வந்திருக்கு. போன வாரம் அனுப்பினதைப் பாத்தீங்களா, உங்க தொழிலை உலகத்துக்குக் காட்ட இதுதான் நல்ல நேரம்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. நீ போய்ச் சேந்து ஒரு வருஷம் ஆவப் போவுது. ராபர்ட் மட்டும் சாவாம இருக்கான். ஐஸ் பிளாண்ட் கம்ப்ரஸர் ரிப்பேருக்கு என்னைக்கு ஆள் வருதுன்னு பாக்கலாம்னு மெயில் பெட்டியைத் தொறந்தேன். அந்தப் பேர்தான் மொதல்ல நின்னுச்சு. என் வீட்டுக்காரி லூர்து எட்டிப் பாத்துட்டு, "அழிச்சிட்டு வேலையைப் பாருங்க, காலங்காத்தால கத்தாதீங்க"ன்னா. நான் எங்க கத்தினேன்? கத்துறதைக் கேக்கத்தான் ஆள் இல்லாம போச்சே.

செத்தவங்க மேல கோவப்படக் கூடாதுன்னு சொல்லுவாங்க. நான் படுறேன். உனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சும் ஆறாத கோவம் இது. நீ கேட்டிருக்கலாம்டா. வாயைத் தொறந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ படிக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சும் எழுதுறேன். எழுதலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும்.

சிதம்பரத்துல படிச்சப்ப ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. படிப்பு முடிஞ்சதும் நான் கடலூர் துறைமுகத்துல அப்பாவோட ஐஸ் பிளாண்டுக்கு வந்துட்டேன். நீ மருந்துக் கம்பெனியில ரெப்பா சேந்தே. கழுத்துல டை, தோள்ல ஒரு பை, மழைக்கு நின்னுபோற ஒரு வண்டி. கம்மாபுரம், அண்ணாகிராமம், மேல்பட்டாம்பாக்கம்னு நீ ஏறி எறங்காத டாக்டர் வாசல் கெடையாது. ஒரு தடவை சும்மா உன்கூட கம்மாபுரம் வந்தேன், ஞாபகம் இருக்கா? டாக்டர் உன்னைப் பாத்ததுமே, "ஏன்யா வந்து வந்து உசுர வாங்குறீங்க, வெளிய போ"ன்னு கத்தினாரு. நீ "சரிங்க டாக்டர்"னு வெளிய வந்து வண்டிகிட்ட நின்னுக்கிட்டே. எனக்கு ரத்தம் கொதிச்சுது. "நீ எதுக்குடா குதிக்கிறே? அவரு சாப்புடுற நேரத்துல போய் நின்னது என் தப்பு"ன்னே. அடுத்த தடவை அவரு எப்ப சாப்புடுறாருன்னு கம்பவுண்டர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் உள்ள போனே. மருந்தே வேணாம்னு சொன்ன வாசல்ல அந்த வருஷம் மறுபடி கால் வைக்க மாட்டே. அப்படி வித்தவன் நீ. அதனாலதான் எனக்கு இன்னும் ஜாஸ்தியா எரியுது.

இந்த மெயில் ஐடியை எனக்கு ஆரம்பிச்சுக் கொடுத்ததே நீதான். சுனாமித் தண்ணி உள்ள பூந்து மெஷினெல்லாம் போயி, பிளாண்டை மறுபடி எழுப்பிக்கிட்டிருந்த சமயம் அது. புது போர்டு எழுதுறப்ப, "ஃபோன் நம்பருக்குக் கீழ மெயிலையும் போடு மச்சான், எறா கம்பெனிக்காரங்க இப்பல்லாம் மெயில்லதான் ஆர்டர் குடுக்குறாங்க"ன்னே. பெயிண்டருக்கு மெயில் ஐடிக்கு நடுவுல வர்ற அந்த '@' சுழியைப் போடத் தெரியாம ஜாங்கிரி புழிஞ்ச மாதிரி சுத்தி வச்சான். நீ ஏணியில ஏறி உன் கையாலயே அழிச்சிட்டுத் திருத்திப் போட்டே. கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துச்சு. ஆர்டர் வந்துச்சு, கம்ப்ரஸர்காரன் எழுதினான். அப்புறம் குப்பை வர ஆரம்பிச்சுது.

என்னா குப்பை! கடன் வேணுமா, கட்டடம் வேணுமா, வெளிநாட்டுல கண்காட்சி வைக்கிறியா, உன் வெப்சைட்டுக்கு லட்சம் பேரைக் கூட்டியாரவான்னு தெனம் பத்து, பதினஞ்சு. எனக்கு வெப்சைட்டே கெடையாது. முன்ன பின்ன தெரியாதவன் 'அன்புள்ள நண்பரே'ங்குறான். வீட்டு வாசல்ல வந்து நின்னான்னா நாய அவுத்து விடலாம், இவனை என்னா பண்றது? ஒரு வருஷம், மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு படகுங்க மொதத் தடவை கடலுக்குப் போற வாரம். கம்ப்ரஸர் கம்பெனிக்காரன், ஆள் அனுப்புறேன், தேதி சரியான்னு எழுதியிருக்கான். அந்தக் குப்பைக்கு நடுவுல நான் அதைப் பாக்கல. பதில் இல்லைன்னு ஆள் வேற ஊருக்குப் போயிட்டான். பிளாண்ட் மூணு நாள் நின்னுச்சு. நாப்பத்தஞ்சு நாள் கரையில கெடந்த சனம் ஐஸ் இல்லாம இன்னும் மூணு நாள் கெடந்துச்சு. "ஐஸ் போட முடியாதவனுக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய போர்டு?"ன்னு ஒரு பெரியவர் எல்லார் முன்னாடியும் கேட்டாரு. அன்னைக்கு ஒரு முடிவு பண்ணேன், இனிமே எந்த நாயி இந்த மாதிரி எழுதினாலும் சும்மா விடறதில்லைன்னு.

அதுக்கு அடுத்த வருஷம் உன் மருந்துக் கம்பெனி கை மாறிச்சு. நாப்பது தாண்டினவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாலஞ்சு மாசம் நீ என் கண்ணுலயே படல. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பிளாண்டுக்கு வந்து, "திருப்பாப்புலியூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி மச்சான், மாடியில. கரஸ்பாண்டன்ஸ் நான்தான் பாக்குறேன்"ன்னே. நான் ஒரு மடையன், சந்தோஷப்பட்டேன். சிதம்பரத்துலேருந்து தெனம் பஸ்சுல வருவே. திரும்பிப் போறப்ப துறைமுகத்துல எறங்கி, என்கூட ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த பஸ் ஏறுவே. என்னா கம்பெனி, என்னா விக்கிறீங்கன்னு நான் ஒரு நாள்கூடக் கேக்கல. அந்தக் கோவம் என்மேலயும் இருக்கு.

ராபர்ட் எனக்கு எழுத ஆரம்பிச்சது அதுக்கு அப்புறந்தான். 'ராபர்ட், மூத்த ஆலோசகர்.' உங்க ஐஸை உலகம் முழுக்க அறிமுகப்படுத்துறோம்னு எழுதியிருந்தான். நான் உக்காந்து இங்கிலீஷ் எழுத்துல தமிழ்ல அடிச்சேன். "டேய் ராபர்ட்டு, ஐஸை உலகம் முழுக்க அனுப்பினா தண்ணியாத்தான்டா போய்ச் சேரும். உன் மூளையைக் கொண்டாந்து என் தொட்டியில போடு, உறையுதான்னு பாப்போம். சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" அவனுக்குப் புரியுமான்னு நான் யோசிக்கல. என் வயிறு குளிரணும், அவ்ளோதான். அதுக்கு அவன், "தங்கள் மேலான பதிலுக்கு நன்றி, தங்கள் தேவையைப் புரிந்துகொண்டோம்"னு இங்கிலீஷ்ல பதில் போட்டான். எனக்கு எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல.

மாசக் கடைசியானா டாண்ணு வந்துருவான். நானும் விட மாட்டேன். போட்ட பதிலைப் பேப்பர்ல எடுத்து வச்சி, சாயங்காலம் உனக்குப் படிச்சுக் காட்டுவேன். நீ தொடையில தட்டிச் சிரிப்பே. "இன்னும் ரெண்டு வரி சேத்துப் போடு மச்சான், சின்னதா இருக்கு"ம்பே. 'மானங்கெட்டவனே'ன்னு ஒரு வார்த்தையை நீயே எடுத்துக் குடுத்தே. படுபாவி, உனக்கு எப்படிடா சிரிக்க முடிஞ்சுது?

போன வருஷம், காலையில வேலைக்கு வர்றப்ப, புதுச்சத்திரம் தாண்டி பஸ்சுலயே நெஞ்சைப் புடிச்சிக்கிட்டே. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வரல. பதினாறாம் நாள் உன் வீட்டுல சாப்பாடு பரிமாறிக்கிட்டிருந்தப்ப, ஒரு பொண்ணு என்கிட்ட வந்துச்சு. உன் ஆபீஸ்ல வேலை பாக்குற செல்வின்னுச்சு. "நீங்கதானாண்ணே ஐஸ் பிளாண்ட்?"னு கேட்டுச்சு.

"ஆமாம்மா, என்னா?"

"உங்க மெயிலெல்லாம் அண்ணன் எங்களுக்குச் சத்தமா படிச்சுக் காட்டுவாருண்ணே. தொட்டியில மூளையைப் போட்டு உறைய வைக்கிறது..." சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிச்சு.

எனக்கு ஒண்ணும் வெளங்கல. அந்தப் பொண்ணுதான் வெளக்கிச் சொல்லுச்சு. மாடியில எட்டுப் பேரு. தெனம் ஆளுக்கு முந்நூறு மெயில். வெள்ளைக்காரன் பேர் போட்டாத்தான் படிப்பாங்கன்னு ஆளுக்கு ஒரு பேர். ஓனர் எங்கயோ வடக்க இருக்காரு. ஒரு மாசத்துல இத்தனை பதில் வரணும், வரலைன்னா மறு மாசம் வர வேணாம். மூணு பேரு அப்படிப் போயிட்டாங்களாம்.

"மாசக் கடைசியில பதில் கொறைஞ்சா அண்ணன் எங்களைப் பாத்துச் சிரிப்பாரு. 'பயப்படாதீங்க, என் ஆள் ஒருத்தன் இருக்கான். ரோஷக்காரன், அவனால சும்மா இருக்க முடியாது'ன்னு உங்களுக்கு ஒண்ணு தட்டுவாரு. பத்து நிமிஷத்துல உங்க பதில் வந்துரும்ணே. மூணு வரிக்கு மேல இருந்தா நல்ல பதில்னு சேத்துக்குவாங்க. ஓனருக்குத் தமிழ் தெரியாதில்ல? அண்ணன் அதுக்கு எதிர்ல 'மிகுந்த ஆர்வமாக உள்ளார், அவகாசம் கேட்கிறார்'னு எழுதிருவாரு."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கையில இருந்த எலையை அப்படியே போட்டுட்டு வாசலுக்கு வந்துட்டேன். அந்தப் பொண்ணு பின்னாடியே வந்து, "திட்டுறாரேன்னு எங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ணே. அண்ணன்தான், 'திட்டுறவன் நம்மளை ஆளா மதிச்சிப் பதில் போடுறான்'ம்பாரு"ன்னுச்சு. உன் சீட்டுல இப்ப அந்தப் பொண்ணுதானாம். அந்த நாற்காலியில யார் உக்காந்தாலும் பேர் ராபர்ட்தானாம்.

மறு வாரம் அந்த மாடிக்குப் போனேன். சண்டை போட்டு, அங்க இருக்குறவனை சட்டையைப் புடிச்சி உலுக்கணும்னுதான் படி ஏறினேன். உலுக்குறதுக்கு அங்க யாரு இருக்கா? எட்டுத் தலை கம்ப்யூட்டரைப் பாத்துக் குனிஞ்சிருக்கு. மேல சுத்துற காத்தாடி சத்தத்தைத் தவிர ஒரு பேச்சில்ல. நிமிந்து பாத்தது செல்வி ஒண்ணுதான், அதுவும் பயந்துபோயி. நான் திரும்பி எறங்கிட்டேன். சட்டையைப் புடிக்க வேண்டியவன் எந்த ஊருல, எந்த ரூம்ல உக்காந்திருக்கானோ. மருந்துப் பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு மரியாதையா வித்தவனை, முகம் இல்லாம, பேர் இல்லாம, யார்கிட்டயாச்சும் திட்டு வாங்கினாத்தான் சோறுன்னு உக்கார வச்சானே, அவன் நல்லா இருப்பானா?

நீ மட்டும் என்ன? என் பிளாண்டுல ஒரு மேஜை போட எடம் இல்லையா? ஆர்டர் பாக்க, கரண்டு ஆபீசுக்கு அலைய எனக்கு ஆள் வேண்டாமா? "மச்சான், எனக்கு நெலமை சரியில்ல"ன்னு நாலு வார்த்தை. சொல்லியிருந்தா தெனம் பத்துப் பதில் போட்டிருப்பேனே, தேனா வடிய எழுதியிருப்பேனே. கூட்டாளிகிட்ட கை நீட்ட உனக்கு வெக்கம், அவன் வாயால நாயே பேயேன்னு கேட்டுக்க வெக்கம் இல்ல. இது என்னாடா ரோஷம்? மூணு வருஷம் என் கோவத்தை வச்சி உன் வேலையைக் காப்பாத்திக்கிட்டே. அது எனக்குப் பெருமையா, கேவலமான்னு இன்னும் தெரியல.

மத்தவங்க மெயில் வந்தா இப்பவும் பத்திக்கிட்டு வருது. ராபர்ட்டை மட்டும் திட்ட முடியல. "பழையபடி எழுதுங்கண்ணே"ன்னு செல்வி ஒரு தடவை ஃபோன்ல சொல்லிப் பாத்துச்சு. திட்டு வரலைம்மான்னுட்டேன். மூணு வரி வேணும்ல, அதனால இன்னைக்குக் காத்து ஜாஸ்தி, சங்கரா மீன் நல்லா பட்டிருக்கு, படகு எல்லாம் திரும்பிடுச்சுன்னு எழுதி அனுப்புறேன். இன்னைக்கும் அனுப்பிட்டேன்.

ஒண்ணை நான் செல்விகிட்டயும் சொல்லல, லூர்துகிட்டயும் சொல்லல. நீ போறதுக்கு முந்தின மாசக் கடைசி. வழக்கம் போல நான் படிச்சுக் காட்டுறேன். நீ சிரிக்கல. "விடேன் மச்சான், அவனும் வயித்துப் பொழப்புக்குத்தானே அனுப்புறான், அவனுக்கும் வீடு வாசல் இருக்கும்ல"ன்னே. அன்னைக்கு நீ சொல்லத்தான் வந்திருக்கே. இப்பப் புரியுது. நான் பேப்பரைத் தூக்கிக் கடாசிட்டு, "இப்படிப் பொழைக்கிறவன் வீட்டுல உலையே கொதிக்கக் கூடாது"ன்னேன். நீ பாதி டீயை வச்சிட்டு, "பஸ்சுக்கு நேரமாச்சு மச்சான்"னு எழுந்துக்கிட்டே. மறுநாள் சாயங்காலமும் வந்தே, எப்பவும் போலப் பேசினே.

எழுதினதெல்லாம் ராபர்ட்டுக்குத்தான் போச்சு. அதை மட்டும் நான் உன் மூஞ்சைப் பாத்துச் சொன்னேன்டா.