வராந்தாவில் நிற்கும் ஃபிரிட்ஜ்

டெல்மர்,

பால் வேணும்னா கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் மாட்டிக்கிட்டு வராந்தாவுக்குப் போ. உன் புது ஃபிரிட்ஜ் அங்கதானே பனியில நிக்குது! பால் பாறாங்கல்லா இருக்கும். அடுப்புப் பக்கத்துல வச்சு இளக விடு. சூப் மூடி வச்சிருக்கேன்.

மூணு மணிக்கு உன் அக்கா இங்ரிட் ஃபிரிட்ஜைப் பாக்க வர்றாங்க. ஏன் வெளியில நிக்குதுன்னு கேட்டா உண்மையைச் சொல்லு. தரையிலிருந்து கூரை வரைக்கும் தொண்ணூத்தாறே கால் இஞ்ச். மேல தொங்குற அலமாரி இருபத்தாறும் எட்டுல அஞ்சும். கால் இஞ்ச்ல எட்டுல அஞ்சு போகலைன்னதும், தொண்ணூத்தாறுல ஒண்ணை உடைக்காம, நீ பாட்டுக்குப் பெரிய பின்னத்துல இருந்து சின்னதைக் கழிச்சு, எழுபதும் எட்டுல மூணும்னு எழுதிட்டே. அலமாரிக்குக் கீழ இருக்கற இடம் எழுபது இஞ்ச்கூட இல்ல. வாங்கினது எழுபதே கால்!

"கணக்கு என் வேலை, நீ சும்மா இரு"ன்னு கடையில அத்தனை பேர் முன்னாடி சொன்னியே, அதை நான் மறக்கல.

அலமாரியை அறுக்கலாம்னு நினைக்காதே. ரம்பத்தை ஒளிச்சு வச்சுட்டேன்.

வெர்னா

பின்குறிப்பு: நாளைக்கு சர்ச் விருந்துக்கு உன் பழுப்பு பேன்ட்டைக் குட்டையாக்கினேன். முப்பத்துமூணே கால் இஞ்சை, முப்பதும் எட்டுல அஞ்சுமா ஆக்கணும். அவசரத்துல நானும் உன்னை மாதிரியே கழிச்சிட்டேன். முக்கால் இஞ்ச் அதிகமாவே வெட்டியாச்சு. நீளமான சாக்ஸ் போட்டுக்கோ.

இன்னொண்ணு: இங்ரிட் கேட்டா, ஃபிரிட்ஜை வராந்தாவுல வைக்கறதுதான் இப்ப எல்லா வீட்லயும் வழக்கம்னு சொல்லிடு.