பெட்சீட்டின் இரண்டு மூலை

மேல் டிவிசன்,
லுணுகலை.
18.7.1985

அன்பு மகள் தனபாக்கியத்துக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் தயவில் நானும் அப்பாவும் தம்பியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதை இந்தத் தடவை நான் முழுசாக நம்பவில்லை, ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. குவைத்தில் நீ போட்ட கடிதம் இருபத்திரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில், முதுகில் கூடை இருக்க, நின்றபடியே படித்தேன்.

வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த அந்த மெஷினில் எத்தனை தரம் போட்டாலும் வெள்ளை பெட்சீட்டில் பழுப்புப் புள்ளி போகவில்லை, மெஷினுக்குள்ளே துரு இருக்கும்போல என்று எழுதியிருந்தாய். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விருந்தாளிகள் வருவதற்குள் வெள்ளைத் துணி வெள்ளையாக வராவிட்டால் உன்னை வேலைக்கு எடுத்துக் கொடுத்த ஏஜென்சியில் கொண்டுபோய் விட்டுவிடுவதாக வீட்டுக்கார அம்மா சொன்னதையும் எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. முதல் கோபம் என் மேல்தான். போன கடிதத்தில் எல்லாம் தெரிந்தவள் மாதிரி, நல்ல கொதிதண்ணீரில் போடு, சோடா போடு, அப்பாவின் வேட்டியை அப்படித்தானே அவித்து எடுக்கிறோம் என்று எழுதிவிட்டேன். நீயும் அம்மா சொல்லிவிட்டாள் என்று இருக்கிற சூட்டையெல்லாம் வைத்தாய், புள்ளி முன்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்கிறாய். அப்பா வேறு, "கண்ணால பார்க்காத மிசினுக்கு வைத்தியம் சொன்னா இப்புடித்தான் ஆகும்" என்று குத்திக்காட்டினார். சரி, கண்ணால் பார்த்துவிட்டே எழுதுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு பஸ் ஏறினேன்.

நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கும் ஜாபிர் முதலாளியின் வீட்டில் அப்படி ஒரு மெஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன், மகன் சவூதியிலிருந்து அனுப்பியதாம். பின்வாசலில் போய்க் கூச்சத்தோடு நின்றேன். அவருடைய சம்சாரம் ஹம்ஸியா நல்ல மனுஷி, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, எனக்குக் காட்டுவதற்காகவே துணி போட்டார். அதை மெஷின் என்று சொல்வதற்கே எனக்கு ஆத்திரமாக வருகிறது. அடியில் ஒரு சாண் தண்ணீர்கூடக் கிடையாது, ஆனால் குலுங்கிக் குலுங்கித் தரையெல்லாம் நடக்கிறது. பாதியில் கரண்ட் போனது, கதவு திறக்கமாட்டேன் என்றது, உள்ளே துணி ஊற வெளியே நான் காத்துக்கிடந்தேன். கரண்ட் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு மணி பஸ்ஸும் போய்விட்டது. நம் பீலியில் கொட்டும் தண்ணீரும் துவைக்கிற கல்லும் இருந்தால் அதற்குள் ஒரு லயத்து வீடுகளின் துணியையெல்லாம் துவைத்திருப்பேன்.

இருந்தாலும் ஹம்ஸியா சொன்னதை எழுதுகிறேன், கவனமாகக் கேள். வாய் வரைக்கும் துணியைத் திணிக்கக்கூடாதாம், துணி மேலே ஏறிக் கீழே விழுந்து விழுந்துதான் அழுக்குப் போகுமாம், விழுவதற்கு இடம் வேண்டுமாம். பவுடரை அள்ளிக் கொட்டினால் துணி நுரையில் மிதக்குமே தவிர அடிபடாது. சட்டைக் கழுத்து அழுக்குக்கு முதலிலேயே சவர்க்காரம் தேய்த்து வாளியில் ஊறப் போட வேண்டும். பிள்ளைகளின் உடுப்பில் எண்ணெய் பட்டிருந்தால் சூடு வைக்கலாம். முட்டை, பால், ரத்தம் பட்ட துணி என்றால் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் பட்டால் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளுமாம். இதைக் கேட்டதும், நான் கொதிக்க வைக்கச் சொன்னது மனதைக் குடைந்தது. ஆனால் உன் பெட்சீட்டில் முட்டை ஏது, பால் ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்ட் வந்து துணியை எடுத்ததும் ஹம்ஸியா முற்றத்துக் கொடியில் காயப்போட்டார். நான் பக்கத்தில் நின்று உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். புள்ளி எந்த இடத்தில் என்று கேட்டார். பெட்சீட்டில் இரண்டு மூலையில், சட்டையில் இரண்டு தோளில் என்று நீ எழுதியதை அப்படியே வாசித்தேன். அவர் ஈர பெட்சீட்டை இரண்டு மூலையிலும் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். "மெசின் துருன்டா துணி முழுக்கப் படணுமே, கொடியில போடக்குள்ள புடிக்கிற எடத்துல மட்டும் எப்பிடிப் படும்? ஓங்கட மகள்ட வெரல் எப்பிடி ஈக்குது?" என்று கேட்டார். கடிதத்தை மடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைப்பதற்கு முன்னால் உன் போட்டோவைத்தான் எடுத்துப் பார்த்தேன். சித்திரையில் அனுப்பினாயே, பச்சைச் சட்டை போட்டு அந்த வீட்டு வாசலில் நிற்பது. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாய். புள்ள எவ்வளவு அடக்கமா நிக்கிது பாரு என்று அப்பா லயத்தில் எல்லோருக்கும் காட்டினார், நானும் பூரித்துப்போய் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். மூன்று மாதமாக விளக்கு வைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், அந்தக் கையை ஏன் மறைத்தாய் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லையே. கடிதத்தையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கோணல். கறைக்காகப் போத்தலில் வரும் வெளுக்கிற மருந்துத் தண்ணீரில் துணி அலசுகிறேன், மூக்கு எரிகிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். மூக்கைச் சொன்னாய், கையைச் சொல்லவில்லை.

பாக்கியம், வெடித்த விரல் எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? கொழுந்துச் சாயம் வெடிப்பில் ஏறினால் சோறு பிசைய முடியாது, இரவில் உன் தலையைத் தடவினால் முடி சிக்கும் என்று நீயே கையைத் தட்டிவிடுவாய். உன் கை என் கை மாதிரி ஆகக்கூடாது என்றுதான் பாஸ்போர்ட் எடுக்கப் பிரஜாவுரிமைக் காகிதத்துக்கு இரண்டு வருஷம் நாயாய் அலைந்து உன்னை அனுப்பினோம். கறை போகவில்லை என்று நீ மருந்தில் அலசுகிறாய், மருந்தில் விரல் வெடிக்கிறது, வெடித்த விரலால் பிடித்துக் காயப்போடுகிறாய், ரத்தம் பட்டுக் கறை திரும்ப வருகிறது. இதில் மெஷின் என்ன செய்யும்? துரு என்று எழுதி என்னையும் ஏமாற்றினாய், நானும் கொதிக்க வை என்று எழுதினேனே, அதை நினைத்தால் என்னையே அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

இனி நான் சொல்வதைச் செய். அந்தப் போத்தலைத் தொடாதே. வீட்டுக்கார அம்மாவிடம் கையை நீட்டிக் காட்டு, கறை இதிலிருந்துதான் வருகிறது என்று சொல்லு, ரப்பர் கையுறை கேள். கத்தினால் கத்தட்டும். படுக்கும்போது எண்ணெய் பூசித் துணி சுற்றிக்கொள். அவர் கையுறையும் தராமல் வேலையையும் குறைக்காமல் இருந்தால், அவர் உன்னை ஏஜென்சிக்குக் கொண்டுபோகும்வரை காத்திருக்காதே, நீயே போய்ச் சொல்லிவிடு. தம்பி படிப்பு, கூரைத் தகரம் எதையும் யோசிக்காதே. இதை அப்பாவிடம் சொன்னபோது திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "பெருநாளைக்கு முந்தியே வந்தாலும் வரட்டும், எம் புள்ள வந்தாப் போதும்" என்றார். பிறகு அந்தப் போட்டோவைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார்.

மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள். ஹம்ஸியாவும் உனக்காக அல்லாவிடம் துஆ கேட்பதாகச் சொன்னார். தம்பி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னான். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்ததும் இன்னொரு போட்டோ பிடித்து அனுப்பு. கை இரண்டையும் முன்னால் விரித்துக் காட்டி எடு. முகம் விழாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் கைகளை நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா
மா. ரெங்கம்மா