பெரியப்பாவின் தாமரை

அன்புள்ள பெரியவளுக்கு,

நீ அங்கே சளி இருமல் இல்லாமல் இருந்தால் சரி, இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, என் மானத்தைத் தவிர. வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ என்ஜின் மேலே உட்கார்ந்து, முழங்கை வரை கிரீஸோடு, கூட வேலை செய்கிற பையன்களுக்கு நடுவில் வாய்விட்டுச் சிரிக்கிற படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாயே, குடும்பப் பெண்ணுக்கு இதுவா லட்சணம் என்று உன் பெரியப்பா குரல் பதிவில் கிழித்துவிட்டு உன்னைக் குழுவை விட்டே தூக்கினாரே, அதற்குக் கீழே முதலில் கட்டைவிரல் காட்டினவள் நான்தான். சத்தியமாகக் கேட்கவில்லையடி. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சுக்கு ஆடிவந்த தலை, இப்போது வேலையை விரலிடம் கொடுத்துவிட்டது. நீ போனை எடுக்காமல் போன பிறகுதான் கேட்டேன், வீட்டில் கத்தித் தீர்த்தேன். அண்ணனாச்சே விடு என்றார் உன் அப்பா. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை, அது அவருக்குத் தெரியக்கூட இல்லை.

சும்மா விடுவேனா. குழுவில் பெண்கள் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் முகத்தைப் போடக்கூடாது, பூவைத்தான் போடவேண்டும் என்பது அவர் சட்டம், நாங்களும் ஆட்டு மந்தை மாதிரி ஆளுக்கொரு பூ வைத்திருந்தோம். கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று அவர் பெயரைப் படிப்பதில்லை, பூவைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிப்பார். சம்பந்தியம்மா அவர் வீட்டுக்கு வந்திருந்த அன்று என் செம்பருத்தியை எடுத்துவிட்டு உன் பெரியம்மாவின் தாமரையை வைத்தேன், அவர் போனில் என் படம் மேலே வரட்டும் என்று அவருக்குத் தனியாக ஒரு வணக்கமும் அனுப்பினேன். பொதுவில் சம்பந்தியம்மாவைப் பெண்குலத் திலகம் என்று புகழ்கிற மனுஷன், மாடியில் ஒளிந்துகொண்டு, பெரியம்மா என்று நினைத்து எனக்குப் பேசி அனுப்பினார்: "அடியே, அந்த வாயாடி கிளம்பிடுச்சா? பொம்பளையா அது, நிறுத்தத் தெரியாத ரேடியோ. போனதும் சொல்லு, இறங்கி வரேன்."

அதை அப்படியே குழுவில் போட்டேன். கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்த திலகம் தன் போனில் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டதாம், பிறகு நிதானமாக மாடிப்படி ஏறியதாம். எனக்கு அன்று கிடைத்த தூக்கம் மாதிரி வருஷக்கணக்கில் கிடைத்ததில்லை. அவர் குழுவை விட்டு ஓடினார், நிர்வாகப் பொறுப்பு தானாக என் தலையில் விழுந்தது. முதல் வேலையாக உன்னைச் சேர்த்துவிட்டேன், பார்.

நீ நீண்ட ஆயுசோடு, யாருக்கும் தலைகுனியாமல் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு.

உன் அம்மா

பி.கு. நேற்று உன் சித்தி பெண் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த படம் ஒன்றைக் குழுவில் போட்டாள். பார்க்க ஒரு மாதிரி இருந்தது, படத்தை நானே எடுத்துவிட்டேன்.