மந்திரித்த கீபோர்டு

12.1.2008, சனி

இன்றும் வைரஸ். எந்தப் பிள்ளையின் பெண்டிரைவில் இருந்து ஏறியதோ, ஒரு கோப்பைத் திறந்தால் அதே பெயரில் இன்னொன்று முளைக்கிறது. முகேஷ்குமாருக்கு போன் போட்டேன். எனக்குக் கம்ப்யூட்டர் விற்றவனும் அவன்தான், பழுது பார்ப்பவனும் அவன்தான். வந்து துடைத்தான். என் பெண்டிரைவிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றான். அழித்தேன். போகும்போது வழக்கம்போல, "அக்கா, நீங்க டைப் மட்டும் அடிங்க. வேற எதையும் தொடாதீங்க."

நல்ல பையன். மரியாதையாகத்தான் சொல்கிறான். ஆனாலும் உறுத்துகிறது. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆய்வேடு தட்டச்சு செய்து கொடுத்தவள் நான். என் மேசையில் என் பெட்டி. அதை நான் தொடக்கூடாது.

போன மாதம் கல்லூரிக் கூட்டம் ஒன்றில் கொடுத்த லினக்ஸ் சிடி உறை பிரிக்காமல் கிடக்கிறது. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இதையும் போடலாம், வைரஸ் தொல்லை கிடையாது, யார் வேண்டுமானாலும் போடலாம் என்று அங்கே பேசியவர் சொன்னார். 'யார் வேண்டுமானாலும்' என்றால் நானும்தானே?

15.1.2008, செவ்வாய்

பொங்கல். நாத்தனார் அல்போன்சா, கோவில் முற்றத்துப் பொங்கலில் வெல்லத்தைக் கூட்டிவிட்டாள். இவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திகட்டுது என்கிறார்.

17.1.2008, வியாழன்

சண்முகவள்ளி பகல் முழுக்க இருந்தாள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் கொண்டுவரும் பெண்களைப் பற்றிய ஆய்வேடு. அவளுடைய வழிகாட்டி சொன்ன திருத்தங்களை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் கணினியிலேயே மாற்றினேன். காகிதத்தில் எதுவும் இல்லை. சில பக்கங்கள் முழுக்கவே புதிதாகிவிட்டன. இன்னும் முடிவுரை மட்டும், திங்கட்கிழமை கொண்டுவருகிறாள். வெள்ளி, இருபத்தைந்தாம் தேதி சமர்ப்பிக்க வேண்டும். இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது, இந்த முறை விட்டால் பதிவே ரத்து. சமர்ப்பித்த சான்று காட்டினால் பழனியில் ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"இது முடிஞ்சாத்தானுங்க அக்கா எங்க வீட்ல என் பேச்சு எடுபடும்" என்றாள், சிரித்துக்கொண்டே.

முகேஷ் மாலை போட்டுக்கொண்டு பழனிக்கு நடக்கக் கிளம்பிவிட்டான். பூசம் முடிந்துதான் வருவானாம். போனைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுபடி வைரஸ் வந்து சண்முகவள்ளியின் வேலையைத் தின்றுவிட்டால்? அதற்காகத்தான் நாளை அந்த சிடியைப் போடப் போகிறேன். அதற்காகத்தானா? அவன் இல்லாத நேரம் பார்த்து என்பதும் உண்டு.

18.1.2008, வெள்ளி

போட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் கொடுத்தேன் — எவ்வளவு இடம் வேண்டும், பெயர் என்ன, கடவுச்சொல் என்ன. நடுவில் கீபோர்டு கொஞ்ச நேரம் நின்றது. பின்பக்கம் கழற்றி மாட்டினேன், வந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம்.

முடிந்ததும் சிடியை எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொன்னது. ஒரு கறுப்புப் பக்கம். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். அம்புக்குறி விசையால் இறங்கி எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழுத்தினேன். இறங்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதுவாகவே லினக்ஸுக்குள் போனது. அழகான பக்கம்தான். பெயரைக் கேட்டது. கீபோர்டில் ஓர் எழுத்துகூட விழவில்லை. மவுஸ் அம்பு நடுவில் நின்றது நின்றபடி.

அணைத்துப் போட்டேன். கழற்றி மாட்டினேன். வேறு துளையில் மாட்டினேன். சிடியையே திரும்பப் போட்டேன், இப்போது அதிலும் பாதியில் அம்பு நின்றுவிடுகிறது. இங்கேயும் போக முடியாது, விண்டோஸுக்கும் போக முடியாது. சண்முகவள்ளியின் ஆய்வேடு உள்ளே இருக்கிறது. பெண்டிரைவில் வேறு அழித்துவிட்டேன்.

என்ன காரியம் பண்ணிட்டேன். தொடாத தொடாதன்னு சொன்னானே அந்தப் பய.

19.1.2008, சனி

ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். அவர் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்தித் தாரேன். உள்ள இருக்கறது வராதும்மா" என்றார். திரும்ப ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவர் மின்வாரியத்தில் வேலை முடிந்து வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கரண்ட்டு வருதுல்ல? அப்ப எங்க டிபார்ட்மெண்ட் மேல குத்தமில்ல." பிறகு, "இந்தக் கீபோர்டும் செத்துப்போச்சா கிளாரா? போன தடவ சாமியார் தண்ணி தெளிச்சே கொன்னாரு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் வாங்கிய வாரம் பங்குச்சாமியாரைக் கூட்டிவந்து மந்திரித்தோம். தாராள மனசுக்காரர். தீர்த்தத்தை மானிட்டருக்கு, பெட்டிக்கு, எனக்கு, அதிகமாகக் கீபோர்டுக்குத் தெளித்தார். அன்று சாயங்காலம் யாரும் தொடாமலேயே அது திரை முழுக்க ஒரே எழுத்தை அடித்துக்கொண்டே போனது. முகேஷ் வந்து பார்த்து, போச்சுக்கா என்று சொல்லிவிட்டு, கீபோர்டும் மவுஸும் சேர்ந்த இந்தப் புது செட்டைக் கொடுத்தான். பழையதைக் குப்பையில் போடப் போனபோது அல்போன்சா வந்து பிடுங்கிக்கொண்டாள். இவருடைய தங்கை. மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள், இந்த விஷயங்களில் விட்டுக்கொடுக்க மாட்டாள். "மதினி, மந்திரிச்ச பொருளக் குப்பையில போடக் கூடாது. எரிக்கணும், இல்லாட்டி புதைக்கணும்." பிளாஸ்டிக்கை எரிக்கிறாளாம். எங்கே கொண்டுபோய் வைத்தாளோ, அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

20.1.2008, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. கடைசியில் அறிவிப்பு: சாம்பல் புதன் இந்த வருடம் சீக்கிரமே வருகிறது, போன குருத்து ஞாயிறன்று கொண்டுபோன ஓலைகளைச் சாம்பலுக்காகக் கோவிலில் கொண்டுவந்து கொடுக்கவும்.

நாளைக்கு அவள் வருவாள். என்ன சொல்ல?

21.1.2008, திங்கள்

சண்முகவள்ளி வந்தாள். கையில் முடிவுரையும் ஒரு பை முருங்கைக்காயும்.

"ஏனுங்க அக்கா, கம்ப்யூட்டரத் துணி போட்டு மூடி வெச்சிருக்கறீங்க?"

"கரண்ட் இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பையைக் கீழே வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். துணியை ஒதுக்கிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அழிஞ்சு போயிருச்சுங்களா, இல்ல உள்ளயே இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"உள்ளதான் இருக்கு. கதவுதான் தெறக்கல."

"அப்பச் சரிங்க. நான் வியாழக்கிழம வர்றேனுங்க. வீட்ல எதுவும் சொல்லிக்கறதில்ல."

வாசல் வரை போய்த் திரும்பிவந்து, "முருங்கக்காயச் சீக்கிரம் வெச்சிருங்க, முத்திப் போயிரும்" என்றாள். அவள் போன பிறகுதான் அழுதேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

22.1.2008, செவ்வாய்

முடிவுரையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அடிக்க இடமில்லை.

23.1.2008, புதன்

முறையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அல்போன்சா, "மதினி, குருத்தோலைய எடுத்துத் தாங்க, பள்ளிக்கூடம் போற வழியில கோவில்ல குடுத்துர்றேன்" என்றாள். மாதா சுரூபம் இருக்கிற அலமாரியின் மேல்தட்டில்தான் ஓலை இருக்கும். வருடாவருடம் அவளே ஏறி வைப்பாள், அவளே எடுப்பாள், இன்று அவளுக்கு அவசரம். ஸ்டூல் போட்டு ஏறினேன். ஓலையை இழுத்ததும் கூடவே ஒரு வயர் வந்தது. பழைய துண்டில் சுற்றி, ஓலைக்கு அடியில் — அந்தக் கீபோர்டு.

"இங்கயா வச்ச?"

"மந்திரிச்சத வேற எங்க வைக்க?"

கீழே இறங்கித் தூசி தட்டும்போது வயரின் நுனியைப் பார்த்தேன். உருண்டை முனை. இப்போது இருக்கிற செட்டுக்குத் தட்டை முனை. அதைப் பார்த்ததும் வேறொன்று ஞாபகம் வந்தது. இந்தப் பழைய கீபோர்டில், பெட்டியின் சுவிட்சைப் போட்ட அந்த நொடியே, திரையில் எதுவும் வருவதற்கு முன்பே, மூன்று சின்ன விளக்கும் ஒருமுறை மின்னும். புதியது அப்படியில்லை. விண்டோஸ் எழுந்து வந்த பிறகுதான் அதில் விளக்கு வரும். தினமும் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. புதியது தாமதமாகக் கண் விழிக்கிற ஜாதி. அந்தக் கறுப்புப் பக்கம் வரும்போது அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுப்ப வேண்டிய விண்டோஸோ அந்தப் பக்கத்துக்கு அப்பால் இருக்கிறது.

ஆனால் இது செத்ததாயிற்றே. செத்தது என்று யார் சொன்னது? நனைந்த அன்றைக்குச் சொன்னான். காய்ந்த பிறகு யாராவது மாட்டிப் பார்த்தோமா? இத்தனை வருடமும் மேல்தட்டில் நன்றாகக் காய்ந்துதானே கிடந்திருக்கிறது.

எல்லாவற்றையும் அணைத்தேன். பின்பக்கத்தில் அந்த உருண்டைத் துளை தூசி அடைத்துக் கிடந்தது, ஊதிவிட்டு மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

மூன்று விளக்கும் மின்னின.

அல்போன்சா பையும் ஓலையுமாகப் பக்கத்தில் நின்றாள். கறுப்புப் பக்கம் வந்தது. கீழ் அம்பை அழுத்தினேன், இறங்கியது. கீழே நொடிகளை எண்ணிக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது, இனி அவசரமில்லை. விண்டோஸ் வரைக்கும் இறக்கி என்டர் அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். அந்த ஒரு விசை மட்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்யவில்லை. அடப்பாவி, இம்புட்டு தூரம் கொண்டாந்துட்டு —

"தீர்த்தம் அங்கதான் நிறைய விழுந்துச்சு" என்றாள் அல்போன்சா.

அப்புறம்தான் வலது ஓரத்து எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு என்டர் இருப்பது கண்ணில் பட்டது. தட்டினேன். விண்டோஸ் எழுந்து வந்தது. ஆய்வேட்டைத் திறந்தேன். முதல் பக்கம், சண்முகவள்ளியின் பெயர். கடைசி வரை உருட்டிப் பார்த்தேன். எல்லாத் திருத்தமும் இருக்கிறது.

அல்போன்சாவுக்குப் பள்ளிக்கூடம் தாமதமாகிவிட்டது. தலைமையாசிரியைக்கு என்ன காரணம் சொன்னாளோ. நான் செய்த முதல் வேலை சிடியில் பிரதி எடுத்தது. இரண்டாவது வேலையும் அதேதான், இன்னொரு சிடியில்.

மதியம் முருங்கைக்காய்ச் சாம்பார். முத்தவில்லை.

24.1.2008, வியாழன்

முடிவுரை அடித்து, அச்செடுத்து, பைண்டிங் கடை வரை நானும் சண்முகவள்ளியோடு போனேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டாள்: "அக்கா, திங்கக்கிழம ஃபேன் ஓடுச்சுங்கல்ல?"

"ஓடுச்சு."

"எங்கூட்டுக்காரர்கிட்ட மட்டும் சொன்னேனுங்க. ரெண்டு நாளா அதையே சொல்லிச் சிரிக்கறாரு."

வீட்டில் சொல்வதில்லை என்றாளே. போகட்டும்.

25.1.2008, வெள்ளி

சமர்ப்பித்துவிட்டாள். காந்திகிராமத்திலிருந்து போன்.

28.1.2008, திங்கள்

இப்போது ஆற அமர அந்த லினக்ஸைப் பார்த்தேன். பழைய கீபோர்டில், சுவிட்ச் போட்டதும் டெலீட் விசையை அழுத்தினால் ஒரு நீலப் பக்கம் வருகிறது. எல்லாம் தொடங்குவதற்கு முன் பெட்டி தன் சொந்த ஏற்பாடுகளை வைத்திருக்கிற இடம். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். தட்டை முனைக் கீபோர்டுக்கென்று ஒரு வரி இருந்தது. 'வேண்டாம்' என்று இருந்தது. புது செட்டை மாட்டிய அன்று அதை யாரும் மாற்றவில்லை. 'வேண்டும்' என்று மாற்றிச் சேமித்தேன். பிறகு புதிய கீபோர்டிலும் கறுப்புப் பக்கத்தில் அம்பு இறங்கியது. லினக்ஸிலும் பெயர் விழுந்தது, மவுஸ் நகர்ந்தது. சிடியைப் போட்ட அன்று முதலில் மட்டும் ஏன் வேலை செய்தது என்று இன்னும் தெரியவில்லை. தெரியாதது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் முகேஷ் பஞ்சாமிர்தத்தோடு வந்தான். கால் முழுக்கக் கொப்புளம். திரையைப் பார்த்துவிட்டு, "இத யாருக்கா போட்டது?" என்றான்.

"நான்தான்."

நடந்ததைச் சொன்னேன். நீலப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னான். காட்டினேன். தலையைச் சொறிந்தான். "செட்ட மாட்டிக் குடுத்தது நான்தானேக்கா" என்று மட்டும் சொன்னான். போகும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை.

6.2.2008, சாம்பல் புதன்

காலைப் பூசை. நெற்றியில் சாம்பல். நம் வீட்டு ஓலையும் இதில் எங்கோ இருக்கிறது. கூடக் கிடந்தது மட்டும் தப்பித்து மேசைக்கு வந்துவிட்டது.

சண்முகவள்ளி பழனியில் வேலையில் சேர்ந்துவிட்டாள். வகுப்பில் முதல் நாள் தொண்டை கட்டிக்கொண்டதாம்.

மதியம் முகேஷ் போன் செய்தான். கொடைரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதே மாதிரி விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸைப் போட்டு, கீபோர்டும் மவுஸும் நின்றுவிட்டதாம். "அக்கா, அந்தப் பழைய கீபோர்டத் தர்றீங்களா? ரெண்டு நாள்ல தந்துர்றேன்."

அல்போன்சாவிடம் கேட்டேன். "மந்திரிச்சத வெளி ஆள் கையில குடுக்க வேண்டாம் மதினி. நீங்களே கொண்டுபோயிட்டு நீங்களே கொண்டாங்க."

அதையே அவனிடம் சொன்னேன். "அப்ப நாளைக்குக் காலையில ஆம்னி வேன எடுத்துட்டு வாரேன். நீங்களே வந்து பாத்துருங்கக்கா" என்றான்.

"வாரேன். நீ வண்டி மட்டும் ஓட்டு தம்பி. வேற எதையும் தொடாத."

அந்தப் பக்கம் அவன் சிரிப்பது கேட்டது. அல்போன்சா கீபோர்டைத் துவைத்த துண்டில் சுற்றி என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.