கவசனைக் குகைக்குள் விட்டுவந்த நால்வர்

என் அன்புக் காக்காவுக்கு,

முதலில் உங்கள் தங்கச்சியின் ஸலாம். பிறகு சண்டை. இந்த ஊரில் உங்களுக்கு ஒரு கபுர் இருந்திருந்தால் பெண்கள் போகாத மையவாடியின் மதிலுக்கு வெளியே நின்றாவது கத்தியிருப்பேன். நீங்கள் மௌத்தான கட்டாரிலேயே உங்களை அடக்கம் செய்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். யார் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை உம்மா அலுமாரிக்கு மேலே கைகாட்டினார். "காக்காட சூட்கேஸ இறக்கு புள்ள. வீணாக் கிடக்கு. அஸீம் கொண்டு போகட்டும்."

அஸீமை நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு முன்பல் விழுந்திருந்தது. என் மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது, நீங்கள் பயணம் போன அதே வயது. அவன் தங்கை ஸபாவுக்குப் பதினைந்து. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் ஏது? எனக்குக் கீழ்வீட்டை நீங்கள் கட்டித் தந்தீர்கள். ஸபாவுக்கு மேல்வீட்டை அஸீம் கட்ட வேண்டுமாம். அதற்காகக் கட்டாரில் வேலை பேசியாகிவிட்டது.

நீங்கள் இல்லாமல் கட்டாரிலிருந்து வந்த அந்தச் சூட்கேஸைத் துடைத்தபோது மூடியின் உள்பைக்குள் ஏதோ தடித்தது. எடுத்தால், 'எரிமலை ஐவர்'. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய நம்முடைய கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதை. அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனீர்களா, காக்கா?

மத்ரஸா விட்டு வந்ததும் படிப்போமே. உலகத்தைக் காப்பாற்றும் ஐந்து இளசுகள். உடம்பு இரும்பாகிற கவசன் நீங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மறைகிற மின்மினி நான். குண்டுகளெல்லாம் உங்கள் நெஞ்சில் படும். நான் மறைந்து நின்று கைதட்டுவேன்.

நாற்பத்திரண்டு வயதில் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். கடைசிப் பக்கத்தில் குகை இடிகிறது. கவசன் கூரையைத் தோளில் தாங்கிக்கொண்டு, "போங்கள்! எனக்கு ஒன்றுமில்லை!" என்கிறான். நால்வரும் ஓடுகிறார்கள். அதில் ஒருவனுக்குப் பறக்கத் தெரியும், இன்னொருவன் கையால் பாறை உடைப்பவன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து மின்மினி கண்ணைத் துடைத்து, "நீ வீரன், கவசா!" என்கிறாள். முற்றும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்குப் பதினேழு வயதுதானே! இதற்கா நான் கைதட்டினேன்?

அப்போதுதான் கவனித்தேன். "எனக்கு ஒன்றுமில்லை" என்ற எழுத்துகள் நீலப் பேனையால் கோடு போட்டு வெட்டப்பட்டிருந்தன. கீழே உங்கள் கையெழுத்தில் இரண்டே சொற்கள். "நானும் வாறன்."

எந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதினீர்கள்? காகிதத்தில் இருக்கிற கவசனுக்கு எழுதத் தெரிந்த உங்களுக்கு எங்களிடம் சொல்ல வாய் இருக்கவில்லையா? எப்போது கேட்டாலும் "எனக்கென்ன புள்ள, நல்லா இரிக்கன்" என்றுதானே சொன்னீர்கள்? உங்கள் மீது எனக்குக் கோபம், காக்கா. அப்படியொரு கோபம்.

இல்லை. பொய் சொல்கிறேன். ஊரோடு திரும்பிவர ஒருமுறை போனில் கேட்டீர்கள். வீடு முடிந்து, டைல்ஸும் பதித்து, எனக்குக் கல்யாணமும் ஆன பிறகு. "புள்ள, வரட்டா?" என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? "மதில் இன்னும் முடியல்லையே காக்கா." நீங்கள் சிரித்தீர்கள். மதில் முடிந்தது. பிறகு இரும்புக் கேட். உங்களுக்கு ஒரு பெண் பார்க்க இந்த வீட்டில் ஒருவருக்கும் நேரம் வரவில்லை.

எழுந்துபோய் உம்மாவிடம் சொன்னேன். "அஸீம் போகமாட்டான்."

"விசரா உனக்கு? ஊடு இல்லாம ஸபாவ ஆரு கல்யாணம் முடிப்பான்?"

"ஊடு கேக்கிறவன் முடிக்க வேணாம்."

"உன்ட காக்கா ஒரு நாளாவது முகம் சுளிச்சானா?"

பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். உம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். விரலால் அந்த நீலத்தைத் தடவினார். அழுதார். அழுதுகொண்டே, "ஆக்களுக்கு என்ன சொல்ற?" என்றும் கேட்டார். அவரையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கதவடியில் நின்ற அஸீம் என்னிடம் மெதுவாகச் சொன்னான். "சண்டை பிடிக்காதீங்க உம்மா. நான் போறன். எனக்கு ஒண்டுமில்ல."

அந்தச் சொல்லை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? உங்கள் பொய்யை உங்கள் முகத்தோடு அப்படியே சொன்னான். அவன் கையிலிருந்து பாஸ்போர்ட்டைப் பறித்து என் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மேல்வீடு இல்லை. கேட்டு வருகிறவர்களுக்கு நானே பதில் சொல்வேன், ஒளிந்து நின்று அல்ல.

காக்கா, இது என் வாக்கு. தங்கையின் சுவருக்காக என் பிள்ளை பயணம் போகமாட்டான். என்றாவது தன் ஆசைக்குப் போனாலும், "வரட்டா?" என்று அவன் கேட்கிற நாளில் "வா" என்பதைத் தவிர வேறொரு சொல் என் வாயிலிருந்து வராது.

உங்களை உள்ளே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்த தங்கச்சி,
ரிஹானா