ஏதோ செய்வாள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், எனக்கு முழங்காலைத் தவிர ஒரு குறையும் இல்லை, ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து தூக்கம் மட்டும் பிடிக்கவில்லை. அன்றைக்கு இந்த வீட்டில் யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று யாரும் சாதிக்கக்கூடாது. நான், உன் மகள் வாலு, உன் தங்கை, எதிர்வீட்டு நர்ஸ் (அவள் வீட்டு வைஃபையில்தான் எல்லாம் ஓடியது), ஒழுகுகிற குழாயைப் பார்க்க வந்த பிளம்பர். கம்ப்யூட்டருக்குள் அந்த வீடியோ கேம் கம்பெனியின் மேடம். நீ இல்லை. ஆனால் நீயும் இருந்தாய், எப்படி என்று சொல்கிறேன்.

உன் போர்டு எழுதுகிற பட்டறையில் பார்த்த வேலையை விட்டு இந்த வேலைக்காக வாலு என்னிடம் வந்து நாலு மாசம் ஆகிறது. ஒரு வேலைக்கு நாலு மாசம் இன்டர்வியூ வைப்பார்களா, நான் கேள்விப்பட்டதே இல்லை. கம்பெனி நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறதாம், ஆனாலும் எல்லாம் கம்ப்யூட்டரில்தானாம். முதலில் போனில் பேசினார்கள், அப்புறம் ஒரு பரீட்சை, அப்புறம் ஏழு நாள் கொடுத்து, எழுத்தும் அம்புக்குறியும் இல்லாமல் ஆடுகிறவன் தானாக வழி கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு இடம் செய்யச் சொன்னார்கள். இவள் நம் மாடிப்படியையே செய்தாள். உடைந்த மூணாவது படி, பல்பு இல்லாத திருப்பம், அப்படியே. என் கையில் அந்தப் பொத்தான் சாமானைக் கொடுத்து ஆடச் சொன்னாள். என் கட்டைவிரல் மடங்காது, உனக்குத் தெரியும். எங்கே திரும்பணும் என்று யாரும் சொல்லவில்லை, வெளிச்சம் விழுந்த பக்கமெல்லாம் கை தானாகப் போனது, மொட்டைமாடிக்குப் போய் நின்றுவிட்டேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சரி சரி, கண்ணு கெட்டுப்போகும், போய்ப் படு என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சுற்றில் எட்டு பேர் உட்கார்ந்து, இந்த வெளிச்சம் ஏன் இங்கே, அந்தச் சுவர் ஏன் அங்கே என்று மூன்று மணி நேரம் குடைந்தார்கள், அதையும் தாண்டினாள். செவ்வாய்க்கிழமைதான் கடைசி. குழாயைத் தட்டாதே என்று பிளம்பரைச் சமையலறையிலேயே உட்கார வைத்தோம், பாவம், மனுஷன் ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மூச்சு விடவில்லை. நாங்கள் மூணு பேரும் கதவுப் பக்கம் நின்றோம். மேடம் நன்றாகத்தான் பேசினாள். எல்லாரும் உன்னைத்தான் எடுக்கணும் என்கிறார்கள், ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது, முன்னால் வேலை பார்த்த இடத்து முதலாளியிடம் போனில் விசாரித்தோம், அவர் சொன்னதை அப்படியே படிக்கிறேன் என்றாள். படித்தாள். ஏதோ செய்வா, சொன்னா கேட்டுக்குவா, பெரிசா ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க.

அது யார் நாக்கு என்று எனக்குத் தெரியாதா. முதலாளிதான் அப்பா என்று வாலு கம்பெனியில் சொல்லியிருக்கவில்லை, இப்போதும் சொல்லவில்லை, உன்னைக் காட்டிக்கொடுக்காமல் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. உன் தங்கை என் முந்தானையைப் பிடித்து இழுக்க இழுக்க, அவிழ்ந்த கொண்டையோடு நேரே போய் நின்று, அது அவ அப்பன்மா, அவனுக்குப் பேசத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மேடம் திகைத்துப்போய், அப்புறம் சிரித்துவிட்டு, சரி பாட்டி, நீங்க கூடவே இருந்து பார்த்தீங்களே, நீங்க சொல்லுங்க, எப்படி வேலை செய்வா என்று கேட்டாள்.

கேட்டாளடா. அவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைத்துக் கேட்டாள். எனக்கு மாடிப்படி நினைவு இருந்தது, வெளிச்சம் நினைவு இருந்தது. வாயைத் திறந்தேன். என்னத்தச் சொல்ல, ஏதோ செய்வா, இன்னும் கத்துக்கணும் என்று வந்தது. என் வாயிலிருந்துதான் வந்தது. சமையலறையில் ஸ்பானர் டங்கென்று விழுந்தது. பிளம்பர் எட்டிப் பார்த்து, ஏம்மா, நல்லா செய்வான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும் என்று கேட்டான். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். வாலு மட்டும் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, இன்றைக்கு வரைக்கும் சரியாகப் பார்க்கவில்லை.

சாயங்காலம் உன்னிடம் போனில் கத்தினேன். நம்ம பிள்ளையை நாமே புகழறதாம்மா, வேற எப்படிச் சொல்றது என்றாய். நான் பட்டென்று வைத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. உனக்கு ஒன்பது வயசு, படம் வரைந்து முதல் பரிசு வாங்கின நாள், மூணாவது பட்டன் இல்லாத கோடு போட்ட சட்டை. உங்கள் வாத்தியார், பையனுக்கு நல்ல கை என்றார். கை இருந்து என்ன, மூளை வேணுமே என்று நான் சிரித்தேன். நீ அந்தப் படத்தை நாலாக மடித்தாய், எட்டாக மடித்தாய், டவுசர் பையில் வைத்தாய். மறுநாள் துவைக்கும்போது கூழாகக் கையில் வந்தது. நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

மேடம் நல்லவள், வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறாள். முதலாளியாகவும் வேண்டாம், அப்பாவாகவும் வேண்டாம், கூட வேலை பார்த்த ஆளாக நீ கண்ணால் கண்டதை எழுதி அனுப்பச் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரி போர்டைப் பற்றி எழுது. ஜனங்கள் எல்லாரும் தப்பான பக்கம் திரும்புகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க வாசலில் நின்று பார்த்து, போர்டை நாலடி தள்ளி மாட்ட வைத்தது இவள்தான் என்று நீயே என்னிடம் போனில் சொன்னாய், அவள் காதில் விழக்கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாய். அந்தக் குரலை உயர்த்தி எழுது. நானும் மாடிப்படியைப் பற்றி எழுதிவிட்டேன், எழுத்துப்பிழைகளை நர்ஸ் திருத்தித் தருகிறாள். இந்தக் கடிதத்தை உன் தங்கை போனில் படம் எடுத்து இப்பவே அனுப்புவாள், பார்க்கவில்லை என்று சொல்லாதே.

நீயும் மருமகளும் நீடூழி வாழணும், உன் கை நல்ல கை, அது எனக்கு அன்றைக்கே தெரியும். வெள்ளிக்கிழமை, மறக்காதே. உன் கல்யாணத்தில் எனக்கு நாற்காலி போடாதவனை இருபத்தேழு வருஷமாக நான் விட்டபாடில்லை, ஆனால் அவனைக்கூட இன்றோடு விட்டுவிடுகிறேன், உன்னையும் விட்டுவிட்டேன். ஒரே ஒருத்தியை மட்டும் மன்னிக்கிறதாக இல்லை.

இப்படிக்கு
அவளேதான், உன் அம்மா