வெற்றுப் பக்கத்தில் வாங்கிய நாற்பத்தொன்பது கையெழுத்துகள்

அனுப்புநர்
தி. ஆரோக்கியமேரி,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு தொடக்கப் பள்ளி, படகுத்துறைத் தெரு,
சைதாப்பேட்டை, சென்னை.
(தற்போது குடியிருப்பது: பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு)

பெறுநர்
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
தொடக்கக் கல்வி,
சென்னை.

பொருள்: எங்கள் பள்ளியை அசோக் நகர்ப் பள்ளியோடு இணைக்கச் சம்மதம் என்று பெற்றோர் பெயரால் பதிவான தீர்மானத்தை ரத்து செய்து, வரும் 24.11.2025 திங்கட்கிழமைக்குள் பள்ளியை மீண்டும் திறக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தீர்மானப் பதிவேடு, நாள் 29.08.2025.
2. பள்ளி வாயிலில் ஒட்டப்பட்ட இணைப்பு ஆணை, நாள் 27.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீட்டு வேலை செய்பவள். மேற்படி பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். மூன்று ஆண்டுகளாக அதன் மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கிறேன். இதைப் புகார் மனு என்று எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, புகாரில் முதல் பெயர் என்னுடையது என்று தெரிந்துவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2. எங்கள் பள்ளியில் எழுபத்தொரு பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோர் ஆற்றங்கரையில் குடியிருந்து, பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள். வீடு மாறியதே தவிர வேலை மாறவில்லை. சைதாப்பேட்டை, அடையாறு, தி. நகர் வீடுகளில் காலை ஏழு மணிக்குப் பாத்திரம் துலக்க நிற்க வேண்டும். ஆகவே தாய்மார்களாகிய நாங்கள் விடியும்போதே பிள்ளைகளோடு பேருந்து ஏறி, ஆறே முக்காலுக்குப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு ஓடுவோம். காவலர் பொன்னுரங்கம் அண்ணன் அந்நேரமே கேட்டைத் திறந்துவிடுவார். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து படிப்பார்கள், சிலர் தூங்குவார்கள். எட்டு மணிக்குக் காலை உணவு வந்துவிடும். இப்படித் திறக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளின் படிப்பு அந்தக் கேட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

3. குழுக் கூட்டம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நடக்கும். அந்நேரம் எங்களில் பலருக்கும் வேலை முடிந்திருக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அன்று காலை நான் தீர்மானப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கேட்டருகே நிற்பேன். தாய்மார்கள் பக்கத்தின் அடிப்பாதியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மேல்பாதி வெறுமையாக இருக்கும். மதியம் வர முடிந்த நாலைந்து பேர் கூடிப் பேசியதைத் தலைமை ஆசிரியர் அந்த இடத்தில் எழுதிக்கொள்வார். கழிவறைக் கதவு, குடிதண்ணீர்த் தொட்டி, இரண்டு மின்விசிறி, எல்லாம் இப்படிப் போட்ட கையெழுத்தில் வந்தவைதான். அதனால் யாருக்கும் பயம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

4. கடந்த ஆகஸ்டு மழையில் மூன்றாம் வகுப்பறையின் கூரை பெயர்ந்து விழுந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் பிழைத்தோம். பழுது பார்க்கும் செலவில் அரசு பாதி, பொதுமக்கள் பாதி என்று முடிவாயிற்று. பொதுமக்கள் பங்குக்காக நான் வேலை செய்யும் அடையாறு அடுக்குமாடியில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இரண்டாம் மாடி வெங்கடரமணன் சார் முதல் ஆளாகக் கொடுத்து, மற்றவர்களிடமும் சொன்னார். பழைய மாணவர்களும் சேர்ந்தார்கள். வேலை நடக்கும் இரண்டு மாதம் மட்டும் பிள்ளைகள் அசோக் நகர்ப் பள்ளியில் படிக்க வேண்டும், அதற்குப் பெற்றோர் தீர்மானம் வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு மாதமும் பிள்ளைகளைக் காலையில் பொன்னுரங்கம் அண்ணனே நடத்திக் கூட்டிப்போவது என்று பேசிவைத்தோம்.

5. 29.08.2025 காலை வழக்கம்போல் கேட்டருகே நின்று நாற்பத்தொன்பது கையெழுத்து வாங்கினேன். நான்காம் வகுப்பு தமிழ்மொழியின் தாய் பொன்மணி மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னாக்கா, மேல ஒண்ணியும் எழுதல?” என்று கேட்டாள். “மத்தியானம் எழுதிப்பாங்கடி, போடு. பஸ்ஸு வந்துகினு கீது” என்றேன். போட்டாள்.

6. அன்று மதியம் நான் கூட்டத்துக்குப் போகவில்லை. மயிலாப்பூரில் நான் வேலை செய்யும் இன்னொரு வீட்டில் சீமந்தம். பாத்திரம் குவிந்து கிடக்கிறது, நீ போனால் எப்படி என்றார்கள். நின்றுவிட்டேன். மேலே இருந்து வந்த மாதிரித் தீர்மானம் ஒன்றைத் தலைமை ஆசிரியர் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். அதில் பழுதுபார்ப்பு என்ற பேச்சே இல்லை. இரண்டு மாதம் என்பதும் இல்லை. பெற்றோர் அனைவரும் ஒருமனதாக இணைப்புக்குச் சம்மதிக்கிறோம் என்று இருக்கிறது. பிறகு அவரிடம் கேட்டேன். “தினம் இதுமாதிரி எத்தனை காகிதம் வருது மேரி, வந்ததைப் பார்த்து எழுதினேன். இப்படி ஆகும்னு நினைக்கலை” என்று அழுதார். அவர் கெட்டவர் இல்லை ஐயா. அவர் மேல் நடவடிக்கை கேட்டு இதை எழுதவில்லை.

7. கூரை வேலை தொடங்கும் நாளுக்குக் காத்து, தீபாவளி வரை பிள்ளைகள் மற்ற இரண்டு அறைகளிலேயே படித்தார்கள். தீபாவளி முடிந்து வந்த திங்கட்கிழமை கேட்டில் பூட்டும், பூட்டுக்கு மேல் ஆணையும் இருந்தன. பள்ளி இணைக்கப்பட்டுவிட்டதால் கூரை வேலைக்கான நிதி தேவையில்லை என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். பொன்னுரங்கம் அண்ணனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பணம் கொடுத்த வீடுகளில், நான் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே, கூரை போட்டாயிற்றா மேரி என்று கேட்கிறார்கள். தலை நிமிராமல் பெருக்குகிறேன்.

8. அசோக் நகர்ப் பள்ளி நல்ல பள்ளி. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அங்கே கேட் திறப்பது எட்டரை மணிக்கு. ஏழு மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டியவள், ஆறு வயதுப் பிள்ளையை அந்தப் பெரிய சாலையோரம் யாரை நம்பி விடுவாள்? எழுபத்தொரு பேரில் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் இருபத்தாறு பேர்தான். மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். வீட்டில் என்றால், வெளியே பூட்டிய வீட்டில்.

9. தமிழ்மொழிக்கு ஒன்பது வயது. ஆறாம் மாடியில் அவளைப் பூட்டிவிட்டுத்தான் பொன்மணி வேலைக்கு வருகிறாள். சென்ற புதன்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. நடைபாதைப் பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு அஸ்மத்துன்னிசா ஓடிவந்து, கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்து, நனைத்த துணியைக் கொடுத்து நெற்றியில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கதவைத் திறக்க முடியவில்லை. சாவி அடையாறில் வேலையில் இருந்த பொன்மணியின் இடுப்பில் இருந்தது. செய்தி கேட்டு அவள் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திறந்தபோது பிள்ளை கதவோரமே தரையில் மயங்கிக் கிடந்தாள். இப்போது தேறிவிட்டாள். அடுத்த முறை தேறுவாள் என்று யார் சொல்ல முடியும்?

10. வரும் திங்கட்கிழமையோடு எழுபத்தொரு பெயர்களும் அசோக் நகர் வருகைப் பதிவேட்டுக்கு மாற்றப்படும் என்று அறிகிறோம். அதன் பிறகு, பிள்ளையே இல்லாத பள்ளியை எதற்குத் திறப்பது என்று கேட்பார்கள். அப்போது பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்காது. ஆகவே இந்த வாரமே தாங்கள் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து, பெயர் மாற்றத்தை நிறுத்தி, நிறுத்திய நிதியை விடுவித்து, பள்ளியைத் திறக்க வேண்டும். கூரை முடியும்வரை நல்ல நிலையில் உள்ள இரண்டு அறைகளில் பிள்ளைகள் நெருக்கி உட்கார்வார்கள். ஆறே முக்காலுக்குக் கேட்டைத் திறக்க ஆள் இல்லை என்றால் நாங்கள் முறை வைத்து நிற்கிறோம். தவறு செய்த எனக்குத் தலைவர் பதவி வேண்டாம். பிள்ளைகளைத் தண்டிக்காதீர்கள்.

11. இந்த மனுவின் முதல் பத்துப் பத்திகளைப் பேருந்து நிறுத்தத்தில் மூன்று நாள் காலையும் உரக்கப் படித்துக் காட்டி, கேட்டு முடித்த பிறகே ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். சிலர் இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள், படித்தேன். அந்தத் தாளில் பத்தாம் பத்தியின் கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் விரல் வைக்கக்கூட இடம் விடவில்லை.

12. இதில் நாற்பத்தெட்டு கையெழுத்துகள் உள்ளன. பொன்மணி போடவில்லை. மூன்று நாளும் நின்று முழுவதையும் கேட்டாள். கடைசியில், “நீ நீட்ன, நான் போட்டேன். இனிமே நீ நீட்ற காயிதத்துல என் கை படாதுக்கா” என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாள். அவளுக்குரிய நாற்பத்தொன்பதாவது எண்ணுக்கு எதிரே குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். யாரும் அதில் எதையும் எழுத வேண்டாம் ஐயா. அந்தக் கேட் திறக்கும் நாளில் அவளே வந்து போடுவாளா என்று பார்க்கிறேன்.

தங்கள் கையெழுத்து ஒன்றுக்காகக் காத்திருக்கும்,

(தி. ஆரோக்கியமேரி)

இடம்: சைதாப்பேட்டை
நாள்: 18.11.2025

இணைப்பு: தீர்மானப் பதிவேட்டின் நகல், இணைப்பு ஆணையின் நகல், முதல் பத்துப் பத்திகளும் பெற்றோர் கையெழுத்துகள் நாற்பத்தெட்டும் உள்ள தாள்.